ஒரே சிவப்பு உறைக்குள் இரண்டு நாடுகள்: பெரம்பூர் டிரம்ஸ் செட் ஒன்றின் பூர்வீக ஆய்வு

மெல்லிசைக் குழு ஒன்றின் உரிமையாளரிடம் இருந்து இளைஞர் ஒருவர் வாங்கிய பழைய டிரம்ஸ் செட், அது எந்த நாட்டில், எந்த ஆலையில், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது என்று பார்த்துச் சொல்லும்படி என் பட்டறைக்கு வந்தது. விற்றவர் அதை அமெரிக்க டிரம் நிறுவனமான லட்விக்கின் செட் என்று சொல்லி, லட்விக்குக்கு உரிய விலையையும் வாங்கியிருந்தார். வாங்கியவர் அதற்குப் புதுத் தோல்கள் தருவித்துப் பொருத்த முயன்றபோது 12 அங்குலத் தோல் டாம் எனும் சிறு டிரம்மின் மேல் இறங்கவே மறுத்துவிட்டது. அங்கே தொடங்கிய ஐயம்தான் இந்த ஆய்வுக்குக் காரணம்.

வந்தவை மூன்று உருப்படிகள்: 20 அங்குல பேஸ் டிரம், அதன் மேல் பொருத்தும் 12 அங்குல டாம், மூன்று கால்களில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம். அடியில் கம்பிகள் கொண்ட ஸ்நேர் டிரம் இல்லை. பழைய செட்டுகளில் முதலில் பிரிந்து போவது ஸ்நேர்தான். அது தனியாகவும் நல்ல விலைக்குப் போகும். உடன் வந்த ஸ்டாண்டுகள் பிற்காலத்து உள்ளூர்ச் சரக்கு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்ததால் அவற்றை ஒதுக்கிவிட்டேன். மூன்று டிரம்களும் ஒரே சிவப்பு மினுமினுப்பு ரெக்சின் போர்த்தி, தூர நின்று பார்க்கையில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தெரிந்தன. விற்றவரின் கூற்றுக்கு வலுச் சேர்த்தவை இந்த ஒற்றுமையும், பேஸ் டிரம்மின் முன்தோலில் அச்சிட்டிருந்த லட்விக் என்ற எழுத்தும்தாம்.

முன்தோலில் உள்ள பெயர் எதைச் சொல்கிறது

முன்தோல் ஒரு டிரம்மின் பிறப்புச் சான்று ஆகாது. பத்துத் திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் பொருள் அது. எந்த ஆலையின் தோலையும் எந்த ஆலையின் ஓட்டிலும், அதாவது டிரம்மின் மர உடலிலும், பொருத்தலாம், அளவு மட்டும் ஒத்துவந்தால் போதும். அதிலும் லட்விக் என்ற பெயர் பொருத்தப்பட்ட தோல்கள் உலகெங்கும் பரவியதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1963இல் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் இருந்த டிரம் சிட்டி கடையில் லட்விக் செட் ஒன்றை எடுத்தார். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தபோது, குழுவின் பெயருக்கு மேலே லட்விக் என்ற பெயரும் கூடவே தெரிந்தது. அதற்குப் பிறகு டிரம்ஸ் வாசிக்கும் எவரும் தம் முன்தோலில் அந்தப் பெயர் இருப்பதைப் பெருமையாகவே கருதினார்கள். ஓட்டின் ஊர் எதுவாக இருந்தாலும் பெயர் அதுவாக இருக்கலாயிற்று.

ஆகவே லட்விக்கா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் ஓடு. சிகாகோவில் 1960களில் செய்த லட்விக் டிரம்முக்குச் சில தெளிவான அடையாளங்கள் உண்டு. காற்றுத் துளையைச் சுற்றி, கமானின் நடுக்கல் போன்ற வடிவில் ஓர் உலோக முத்திரை இருக்கும்; 1963இன் பிற்பகுதியில் இருந்து அதில் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டது. ஓடு மூன்று அடுக்குப் பலகையால் ஆனது. இரு விளிம்பிலும் மேப்பிள் மர வளையம் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் உட்புறத்துக்கு, சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஒருவகைப் பூச்சு அடித்தார்கள். பல ஓடுகளின் உள்ளே சிவப்பு மையில் மாதமும் நாளும் ஆண்டும் முத்திரை குத்தப்பட்டிருக்கும்.

லட்விக் வரிசை எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்வோர் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆலையில் முத்திரைகளைத் தொட்டியில் இருந்து கைக்கு வந்தபடி எடுத்து அடித்ததால் எண் வரிசையும் ஆண்டு வரிசையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. இந்தச் செட்டுக்கு அந்த விவாதமே தேவைப்படவில்லை. மூன்றில் எதிலும் முத்திரை இல்லை, அந்த வடிவ முத்திரை இருந்த தடமும் இல்லை, உள்ளே புள்ளிப் பூச்சும் இல்லை, தேதியும் இல்லை, வளையங்களின் மரமும் மேப்பிள் இல்லை. லட்விக் என்ற கூற்று இத்துடன் விழுந்தது.

ரெக்சினுக்குக் கீழே

வாங்கிய இளைஞரின் ஒப்புதலோடு ரெக்சினை உரித்தோம். பழைய டிரம்மின் மேலுறையைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. திருகாணிகளைப் பிடித்துக்கொள்ள ஓட்டின் மேல் பொருத்திய உலோகக் கட்டைகளான லக்குகளை முதலில் கழற்றி, எந்த லக் எந்தத் துளைக்கு உரியது என்று எண்ணிட்டு வைத்துக்கொண்ட பிறகே உறையைத் தொட வேண்டும், ஏனெனில் ஆய்வாளருக்குத் தேவையானவை பெரும்பாலும் லக்கின் அடியில்தான் ஒளிந்திருக்கும். வெயிலும் புகையும் படாத அந்தச் சிறு பரப்பில்தான் உறையின் அசல் நிறம் அப்படியே இருக்கும்.

பேஸ் டிரம்மிலும் 12 அங்குல டாமிலும் ரெக்சினுக்கு அடியில் முத்து வெள்ளை உறை இருந்தது. அந்தக் காலத்து முத்து உறைகள் செல்லுலாய்டு வகையைச் சேர்ந்தவை. நாள்பட்டால் பழுத்துப் பழைய தந்தத்தின் நிறத்துக்கு வந்துவிடும். இவ்விரண்டிலும் திறந்த பரப்பு முழுவதும் மஞ்சளாகியிருக்க, லக்குகளின் அடியில் மட்டும் வெள்ளை வெள்ளையாகவே நின்றது. அந்த வெள்ளைத் தடங்களின் வடிவம் இப்போது பொருத்தியுள்ள லக்குகளின் அடிப்பரப்போடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. இதிலிருந்து இரண்டு செய்திகள் உறுதியாகின்றன: இந்த லக்குகள் இந்த ஓடுகளுக்கே உரியவை; இவ்விரண்டு டிரம்களும் ரெக்சின் போர்த்தப்படும் முன் நெடுங்காலம் ஒரே சூழலில் ஒன்றாக இருந்தவை.

ஃப்ளோர் டாமின் கதை வேறு. அதன் ரெக்சினுக்கு அடியில் இருந்தது நீல மினுக்கு உறை. காற்றுத் துளையைச் சுற்றி முட்டை வடிவில், மங்காத நீலத்தில் ஒரு தடம் தெரிந்தது. அங்கே ஒரு முத்திரை நெடுநாள் இருந்து பின்னால் பெயர்த்தெடுக்கப்பட்டிருக்கிறது. கால்களைத் தாங்கும் பிடிகள் மூன்றும் பிற்காலத்தவை. அவற்றுக்குப் பக்கத்தில் மரத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அடைத்த பழைய துளைகள் இருந்தன. சிவப்பு ரெக்சின் அழகுக்காகப் போட்டது மட்டுமன்று, வெள்ளையையும் நீலத்தையும் ஒரே செட்டாகக் காட்டப் போட்டது என்பது இதில் இருந்து விளங்கியது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மேடையில் ஒரே நிறத்தில் நிற்க வேண்டும் என்பது குழுக்காரர்களின் நியாயமான தேவை. ஏமாற்று வந்தது விற்கும்போது சொன்ன பேச்சில்தான்.

இந்த இடத்தில் ஆய்வு இரண்டாகப் பிரிந்தது.

தோல் ஏறாத டாம்

12 அங்குலத் தோல் ஏறாததற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ரெக்சினைத்தான். உறைமேல் உறை போட்டால் ஓடு தடித்துவிடும். தோலின் உலோக வளையம் அதன்மேல் சிக்கும். ஆனால் ரெக்சினை நீக்கிய பிறகும் தோல் இறங்கவில்லை. எனவே உறை முடிந்து வெறும் மரம் தெரியும் விளிம்பில் அளந்தேன். பழைய ஓடு எதுவும் முழு வட்டமாக இருக்காது. கேலிப்பரை ஒரு திசையில் வைத்து அளந்த விட்டத்தை நம்ப முடியாது. மெல்லிய காகிதப் பட்டையை விளிம்பைச் சுற்றி இழுத்துச் சுற்றளவை எடுத்து, அதை 3.1416ஆல் வகுப்பதே பாதுகாப்பான வழி. இன்றைய 12 அங்குல டாமின் ஓடு, தோல் தாராளமாக இறங்குவதற்காக, 304.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இந்த டாம் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது.

இது டிரம் உலகில் நன்கறிந்த ஓர் அடையாளம். 1960களின் இறுதிவரை பிரிட்டிஷ் ஆலைகள் செய்த டாம்கள், குறிப்பாக 12, 14 அங்குல அளவுகள், அமெரிக்க அளவைவிடச் சற்றே பெரியவை. அமெரிக்கத் தோல்கள் உலகச் சந்தையைப் பிடித்த பிறகுதான் பிரிட்டிஷ்காரர்கள் தம் அளவை மாற்றிக்கொண்டார்கள். மாறுவதற்கு முந்தைய அளவை இன்றும் சர்வதேச அளவுக்கு முற்பட்டது என்றே அங்கே குறிப்பிடுகிறார்கள். ஆக, டாமின் விட்டம் நாட்டையும் சொல்கிறது, இதற்குப் பிந்தையதாக இருக்க முடியாது என்று ஒரு கால எல்லையையும் போட்டுவிடுகிறது.

அடுத்த சான்று திருகாணி. அமெரிக்க டிரம்களின் திருகாணி, 0.216 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 இழையும் கொண்டது. புதிதாக வாங்கிய அமெரிக்க வகைத் திருகாணியை இந்த டாமின் லக்கில் இட்டபோது முதல் ஓரிரு சுற்று போய், பிறகு இறுகி நின்றுவிட்டது. இழைமானியை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் அங்குலத்துக்கு 24 இழைதான். குழப்பம் இங்கேதான் வரும்: எண்ணிக்கை ஒன்று, விட்டமும் ஏறக்குறைய ஒன்று, ஆனாலும் சேரவில்லை. திருகாணியை எடுத்துக்கொண்டு எனக்குப் பழக்கமான கடைசல் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மூத்த தொழிலாளி அதை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை நகத்தால் வருடிவிட்டு, “இது பி.எஸ்.டபிள்யூ. சார், ஏழு முப்பத்திரண்டு, அமெரிக்கன் இதுல ஏறாது” என்றார்.

அவர் சொன்னது சரி. பி.எஸ்.டபிள்யூ. என்பது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு விட்வொர்த் இழை. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த பிரிட்டிஷ் இழையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்த இழையின் கோணம் 60 பாகை. ஓர் அங்குலத்தில் 7/32 பங்கு விட்டமுள்ள விட்வொர்த் இழைக்கும் 24 பள்ளங்களே உண்டு என்பதால் இரண்டும் தொடக்கத்தில் உறவாடும், பிறகு பக்கங்கள் உரசி இறுகிவிடும். வலுக்கட்டாயமாக முறுக்கினால் லக்கின் உள்ளே இருக்கும், திருகாணி ஏறும் பித்தளைச் சுரை கெட்டுப்போகும். பழைய பிரிட்டிஷ் டிரம்களில் இப்படிக் கெடுக்கப்பட்ட சுரைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

விட்வொர்த் இழை என்றவுடன் பிரிட்டன் என்று முடிவுகட்டுவது இந்தியாவில் ஆபத்தான குறுக்குவழி. நம் நாட்டுப் பட்டறைகள் பிரிட்டிஷ் அளவுமுறையில் வளர்ந்தவை. மீரட்டின் ஜாலி கோட்டிப் பகுதியில் பேண்டு வாத்தியங்களும் டிரம்களும் செய்வோர் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள், ஜலந்தரிலும் இசைக்கருவி செய்யும் தொழில் உண்டு. இங்கே செய்த பிரதி ஒன்றிலும் அதே இழை இருக்கலாம், அச்சாகக் கொண்ட பிரிட்டிஷ் டிரம்மின் பெரிய விட்டமும் இருக்கலாம். ஆகவே விட்டம், இழை ஆகிய இரு சான்றுகளையும் சேர்த்தாலும் பிரிட்டனா இந்தியாவா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அதைத் தீர்த்தவை மரமும் ஹூப்பும். காற்றுத் துளையின் வெட்டுமுகத்தில் ஓட்டின் அடுக்குகள் தெரியும். மெல்லிய மூன்று அடுக்குகள், வெளிறிய நிறம், துளைகள் கண்ணுக்குத் தெரியாத நெருக்கமான இழைவு: இது பிர்ச் மரம். பூர்ஜ மரம் என்று நம் நூல்கள் சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. இமயமலையில் அது வளர்கிறது என்றாலும் நம் ஒட்டுப்பலகை ஆலைகள் பயன்படுத்திய மரம் அதுவன்று. உள்ளே விளிம்பில் ஒட்டியிருந்த தடித்த வளையங்களில், பீச் மரத்துக்கே உரிய சிறுசிறு கோடுகள் மச்சங்களைப் போலச் சிதறிக் கிடந்தன. தோலை அழுத்திப் பிடிக்கும் ஹூப் தகட்டை வளைத்துச் செய்ததன்று, அச்சில் வார்த்தது. காந்தம் அதில் ஒட்டவில்லை. திருகாணிகள் நுழையும் காதுகள் ஹூப்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தன. வார்ப்பின் நேர்த்தியும், அறுபதாண்டு கடந்தும் ஒரு கொப்புளம்கூட இல்லாத குரோம் பூச்சும் சிறு பட்டறையின் வேலை அல்ல.

வார்த்த ஹூப்பையும் இத்தகைய பூச்சையும் தன் அடையாளமாகவே கொண்டிருந்த பிரிட்டிஷ் நிறுவனம் பிரீமியர். ஆல்பர்ட் டெல்லா போர்ட்டா என்ற டிரம்மரும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1922இல் லண்டனில் தொடங்கியது அது. 1940இல் அதன் லண்டன் தொழிற்கூடம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தபின், லெஸ்டர்ஷயரில் உள்ள விக்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. போர்க்காலத்தில் அங்கே பீரங்கிகளுக்கான குறிபார்க்கும் கருவிகள் செய்தார்கள். துல்லிய உலோக வேலையில் பெற்ற அந்தத் தேர்ச்சி பிற்காலத்து டிரம் பொருத்துகளில் தெரிகிறது என்பது என் கருத்து. எட் சல்லிவன் மேடையில் லட்விக்கைப் பிரபலப்படுத்திய ரிங்கோ ஸ்டாரே 1963 வரை வாசித்தது பிரீமியர்தான் என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்லிவைக்கலாம். லட்விக் அல்ல என்று தெரிந்து முகம் வாடிய இளைஞருக்கு அந்தச் செய்தி ஓரளவு ஆறுதல் தந்தது.

பிரீமியர் என்று எழுதும் முன் மற்ற பிரிட்டிஷ் பெயர்களையும் பார்க்க வேண்டியிருந்தது. டாலஸ் நிறுவனத்தின் கார்ல்டன், பூசி அண்டு ஹாக்ஸின் அஜாக்ஸ் ஆகியவையும் அதே காலத்தவை, அதே பெரிய அளவின. பிரீமியரே ஒலிம்பிக் என்ற பெயரில் மலிவு வரிசை ஒன்றை விற்றது. 1958இல் பெவர்லி நிறுவனத்தையும் வாங்கியது. லக்கின் வெளிவடிவத்தையும், ஹூப் காதுகளின் வளைவையும், பேஸ் டிரம்மின் ஹூப்பைக் கவ்வும் நகங்களையும் அக்கால விலைப்பட்டியல் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது எல்லாம் பிரீமியரின் முதல்தர வரிசையோடு பொருந்தின. ஒலிம்பிக்கின் எளிய பொருத்துகளோடு பொருந்தவில்லை.

நீல ஃப்ளோர் டாம்

ஃப்ளோர் டாமைக் கையில் தூக்கியவுடனே வேற்றுமை தெரிந்தது. அளவுக்கு ஏற்ற கனம் அதில் இல்லை. ஹூப் தகட்டில் வளைத்தது, காந்தம் சட்டென்று ஒட்டியது. லக்குகள் எட்ட நின்று பார்த்தால் அமெரிக்க வடிவம். அருகில் பார்த்தால் விளிம்புகள் மழுங்கிய நகல், குரோம் பூச்சில் குத்துக்குத்தாக அரிப்பு. அமெரிக்க வகைத் திருகாணி இதில் தடையின்றி ஏறியது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த எந்த நாட்டு டிரம்மிலும் அது ஏறக்கூடும் என்பதால் இந்தச் சோதனையால் பயனில்லை.

பயன்பட்டவை இரண்டு. முதலாவது உட்புற மரம். வார்னிஷ் பூசாத, செம்மை கலந்த பழுப்பு நிறப் பலகை; ஊசி முனையால் குத்தினாற்போன்ற பெரிய துளைகள் நெடுக ஓடின. இது லுவான். வணிகத்தில் பிலிப்பைன்ஸ் மஹோகனி என்று பெயர் பெற்றிருந்தாலும் அது மஹோகனி இனமே அன்று. குங்கிலியம் தரும் நம் சால மரத்துக்கு உறவான ஷோரியா இனத்து மரங்கள். போருக்குப் பிந்தைய இருபதாண்டுகளில் ஜப்பானின் ஒட்டுப்பலகை ஆலைகள் பிலிப்பைன்ஸில் இருந்து லுவான் மரத்தைக் கப்பல் கப்பலாக இறக்கின, அந்தப் பலகை அந்நாட்டு மலிவு டிரம்களின் ஓடாயிற்று. மெல்லிய லுவான் ஓட்டுக்குள் வளையம் ஒட்டியது 1960களின் ஜப்பானிய டிரம்களுக்குப் பொதுவான கட்டமைப்பு.

இரண்டாவது, உறையின் முடிவிடம். பெரும்பாலான டிரம்களில் உறையின் ஒரு முனை மறுமுனையின் மேல் ஏறி ஒட்டப்பட்டிருக்கும். இந்த டாமில் அப்படி இல்லை. நீல உறையின் இரு முனைகளும் ஓட்டின் வெளியடுக்கில் விட்டிருந்த ஒரு நெடுக்குப் பிளவுக்குள் மடங்கிப் போய்ச் செருகி நின்றன. வெளியே ஒரு மெல்லிய கோடு மட்டுமே தெரிந்தது. அமெரிக்க ஆலைகளிலும் சிலர் இதையொத்த முறையைக் கையாண்டதுண்டு என்றாலும், லுவான் ஓட்டோடு சேர்ந்து இந்தச் செருகல் காணப்பட்டால் ஜப்பான் என்று துணிந்து சொல்லலாம்.

ஜப்பானில் எந்த ஆலை என்ற கேள்விக்குப் பெயர் முத்திரை கிடைத்திருந்தாலும் நேரடி விடை வந்திருக்காது. அதற்குக் காரணம் அன்றைய வணிக முறை. பேர்ல் நிறுவனம் 1946இல் இசைக் குறிப்புகளை வைக்கும் ஸ்டாண்டுகள் செய்யத் தொடங்கி, 1950இல் டிரம்முக்கு வந்து, 1961இல் சிபாவில் பெரிய ஆலை கட்டியது. அந்த ஆலையில் இருந்து வெளியேறிய மலிவு டிரம்கள் முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களின் பெயர்களைத் தாங்கிச் சென்றன: மேக்ஸ்வின், ஸ்டூவர்ட், ஐடியல், கிரெஸ்ட், மெஜெஸ்டிக், அப்போலோ, கொரோனட் என்று பட்டியல் நீளும். நகோயாவில் 1908இல் புத்தகக் கடையின் இசைப் பிரிவாகத் தோன்றிய ஹோஷினோ நிறுவனம், 1960களில் ஸ்டார் என்ற பெயரில் டிரம்களை ஏற்றுமதி செய்தது. பிற்காலத்தில் டாமா என்று உலகப் புகழ் பெற்ற பெயர் 1974இல்தான் வந்தது. வாங்குபவர் கேட்ட பெயரை முத்திரையில் அடித்துக் கொடுத்தார்கள். ஆகவே முட்டை வடிவத் தடத்தில் எந்தப் பெயர் இருந்திருந்தாலும், அது விற்றவரின் பெயராகவே இருந்திருக்கும், செய்தவரின் பெயராக அன்று.

வாய்மொழியும் புகைப்படமும்

பொருள் சொல்வதைக் கேட்ட பிறகே மனிதர் சொல்வதைக் கேட்பது என் வழக்கம். முன்பே கேட்டால் கண் அதையே தேடும். மெல்லிசைக் குழுவின் உரிமையாளரைப் பார்த்தபோது, “தம்பி, நான் வாங்கினப்பவே லட்விக்னுதான் சொன்னாங்க” என்று அவர் உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு விற்றது பெரம்பூரில் ரயில்வேயில் பணியாற்றிய ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அக்குடும்பத்துப் பெரியவர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் வாசித்தவர். அவர் மகள் இன்னும் சென்னையில் இருக்கிறார்.

அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. மேடையில் ஐந்து பேர், நடுவில் டிரம்ஸ். பேஸ் டிரம், ஒரு டாம், ஒரு ஸ்நேர். ஃப்ளோர் டாம் இல்லை. உறை கறுப்பு வெள்ளைப் படத்தில் பளிச்சென்ற வெண்மையாக, முத்துப் பளபளப்போடு தெரிகிறது. முன்தோலில் லட்விக் என்ற எழுத்து இல்லை. குழுவின் பெயரைக் கையால் வரைந்திருக்கிறார்கள். படத்தின் பின்னால் பேனாவில் 1964 கிறிஸ்துமஸ் என்று எழுதியிருக்கிறது. பின்னாளில் நினைவில் இருந்து எழுதும் வழக்கம் பல வீடுகளில் உண்டு என்பதால், கையால் எழுதிய ஆண்டை அப்படியே ஏற்கக் கூடாது. ஆயினும் டாமின் விட்டம் தனியாகச் சொன்ன எல்லையும் 1960களின் இறுதிக்கு முன் என்பதால், இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. படத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது டாமின் ஹூப்பில் காதுகள் துருத்தி நிற்பதையும் காண முடிந்தது.

ஃப்ளோர் டாம் எப்போது சேர்ந்தது என்பதற்கும் அந்த அம்மையார் விடை வைத்திருந்தார். வீட்டில் அது இருந்ததே இல்லை. செட்டை விற்றபோது இரண்டு டிரம்களும் ஒரு ஸ்நேரும்தான் போயின. குழு உரிமையாளரும் யோசித்துப் பார்த்து, பெரியது ஒன்றைக் கப்பலில் வேலைபார்த்தவர் வழியாகத் தனியாக வாங்கியதாகவும், அதற்குப் பின்பே மூன்றுக்கும் சிவப்பு ரெக்சின் ஒட்டியதாகவும், முன்தோலைப் புதுப்பித்ததும் அப்போதுதான் என்றும் ஒப்புக்கொண்டார். 1956-57 அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் வெளிநாட்டு வாத்தியம் ஒன்று சென்னைக்கு வரப் பெட்டி படுக்கையோடு வருவோரே வழி என்பதால், இந்தக் கூற்றில் வியப்பதற்கு எதுவுமில்லை. லட்விக் என்ற எழுத்து எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதும் இத்துடன் தெளிவாயிற்று.

எழுதிக் கொடுத்த முடிவு

வாங்கிய இளைஞருக்குக் கொடுத்த அறிக்கையில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனியாக எழுதினேன். மூன்றையும் சேர்த்து ஒரு செட் என்று எழுதினால் அதுவே அடுத்த கைமாற்றத்தில் இன்னொரு லட்விக் கதையாகிவிடும். பேஸ் டிரம்மும் 12 அங்குல டாமும் இங்கிலாந்தில் பிரீமியர் நிறுவனம் செய்தவை, 1960களின் இறுதிக்கு முந்தையவை, புகைப்படத்தை ஏற்றுக்கொண்டால் 1964க்குள் சென்னையில் இருந்தவை, ஓடும் லக்கும் அசல், உறை அசல், முன்தோல் பிற்காலத்தது. ஃப்ளோர் டாம் 1960களின் ஜப்பானிய ஏற்றுமதிச் சரக்கு, ஓடும் உறையும் அசல், கால்பிடிகள் மாற்றப்பட்டவை, முத்திரை நீக்கப்பட்டது. நாடு இரண்டுக்கும் உறுதி. பிரீமியர் என்பது உறுதிக்கு மிக அருகில்.

தோல் சிக்கல் மிச்சமிருந்தது. ஓட்டின் வெளிப்புறத்தைத் தேய்த்துச் சிறிதாக்கினால் சாதாரணத் தோல் ஏறிவிடும் என்று சிலர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். பிரிட்டனில் எத்தனையோ நல்ல டாம்கள் அப்படித்தான் பாழாயின. பழைய பிரிட்டிஷ் அளவுக்கென்றே தோல் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், விலை சற்றுக் கூடுதல். அவர் அதையே தருவித்துக்கொண்டார். கெட்டுப்போயிருந்த இரண்டு சுரைகளுக்கு அதே கடைசல் பட்டறையில் விட்வொர்த் இழை வெட்டிப் புதுப் பித்தளைச் சுரை செய்து போட்டோம். முத்து வெள்ளையை இளஞ்சூட்டு நீரில் துடைத்ததோடு நிறுத்தி, பழுப்பு நிறத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

விற்றவரிடம் பேசி விலையில் ஒரு பகுதியை அவர் திரும்பப் பெற்றார். நீல ஃப்ளோர் டாமை மறுபடி வெள்ளை உறை போட்டு மற்றவற்றோடு சேர்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது வெள்ளை இரண்டும் நீலம் ஒன்றுமாகவே அவர் மேடையேறுகிறார். லட்விக் எழுத்துள்ள முன்தோலை மட்டும், நன்றாகத்தான் ஒலிக்கிறது என்று சொல்லி, மாற்றாமல் வைத்திருக்கிறார்.